பம்மலிலிருந்து சானடோரியம்: இன்ச்சுக்கு ஆறு தையல்

சோவியத் உடைந்த மறுமாதம், 1992 பொங்கல் கழிந்த வாரம், பம்மலிலிருந்து தாம்பரம் சானடோரியத்துக்கு நான் போய்வந்த பயணம் இது. அந்தப் பக்கம் வேலைத் தேர்வுக்குப் போகிறவர்கள் படித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுங்கள், நான் ஐந்தாவதுதான். ஞாபகத்தில் பிழை இருக்காது.

பம்மல் பட்டறையில் பதினோரு வருஷம் ரஷ்யாவுக்குப் போகும் பூட்ஸுக்கு அப்பர் தைத்தேன். அப்பர் என்றால் அடிப்பாகம் தவிர மேலே வரும் தோல். முதலாளியின் தாத்தா காலத்தில் தோல் லண்டனுக்குப் போனதாம். வெள்ளைக்காரன் போன பிற்பாடு ரஷ்யா. உலகத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிய எங்களுக்குப் பேப்பர் வேண்டாம், பெட்டிமேல் ஒட்டும் சீட்டு போதும். அந்த மார்கழியில் சீட்டு ஒட்டிய பெட்டிகள் குடோனிலேயே நின்றன. வாங்குவதற்கு அங்கே நாடே இல்லை. பட்டறையைப் பூட்டினார்கள். என் ஒருத்தி சம்பளத்தில் வீட்டில் நான்கு பேர்.

சானடோரியத்தில் ஜெர்மனிக்கு லேடீஸ் ஷூ தைக்கும் கம்பெனியில் ஒரு மெஷினுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நானும் பட்டறையில் பக்கத்து மெஷினில் இருந்த சரோஜாவும் கிளம்பினோம். காலை 7.10க்கு பஸ், பல்லாவரம் ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர், 75 பைசா. 7.40க்கு தாம்பரம் ரயில், ஒரு ரூபாய். இரண்டாவது ஸ்டேஷன், எட்டு நிமிஷம்; உட்கார இடம் தேடாதீர்கள். இறங்கி நடை பத்து நிமிஷம். கம்பெனி வாசலில் என் டப்பாவில் இருந்த புளிசாதத்தில் பாதியைச் சரோஜா தின்றாள். உருளைக்கிழங்கு முழுக்க அவளே.

தேர்வுக்கு ஆளுக்கு ஒரு துண்டு தோல் கொடுத்தார்கள். நான் தடித்த ஊசியாகப் பார்த்து மாட்டி, இரட்டை வரிசை ஓட்டினேன். ரஷ்யா பனியில் பிரியக் கூடாதே. முதலில் முடித்ததும் நான்தான்.

சூப்பர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கம்மா வேலை கத்துக்கிட்டீங்க?"

"பம்மல்ல சார். ரஷ்யா பூட்ஸு. இழுத்துப் பாருங்க, பிரியாது."

"யானை இழுத்தாலும் பிரியாது. ஆனா இது ஆபீஸ் போற ஜெர்மன்காரி போடறது. இன்ச்சுக்கு ஆறு தையல் போட்டிருக்கீங்க. பன்னெண்டு வேணும்."

சரோஜா துண்டில் எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு. வெளியே வந்ததும் பிடித்தேன்.

"பன்னெண்டுன்னு உனக்கு எப்டிடி தெரியும்?"

"என் நாத்தனா இங்கதான் வேல செஞ்சிகினு கீறா."

"ரயில்ல ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியேக்கா. மெஷினும் ஒண்ணுதானே கீது."

நான் திரும்ப உள்ளே போய் இன்னொரு துண்டு கேட்டேன். தோல் துணி மாதிரி இல்லை. தையலைப் பிரித்தாலும் ஊசி போட்ட ஓட்டை போகாது.

"மெஷினுக்கு அவங்கள எடுத்தாச்சும்மா. பசை தடவற டேபிள்ல இடம் இருக்கு, பாதி சம்பளம். வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல.

இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டு நின்றவரை இரண்டு விதத் தையலுக்கும் இடம் இருந்தது. ஒன்று விழுந்ததும் மிஞ்சியவர் சொல்வதே அளவு. அதை யாரும் பம்மலுக்கு வந்து அறிவிக்க மாட்டார்கள். ஆகவே தேர்வுக்குப் போகிறவர்கள் ஊசி நம்பரையும் தையல் எண்ணிக்கையையும் கேட்ட பிறகே மெஷினைத் தொடுங்கள். கூட வருகிறவளிடம் கேட்காதீர்கள், சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

அதன்பின் ஆறு வருஷம் சரோஜாவும் நானும் அதே ரயிலில் எதிரெதிரே நின்று வேலைக்குப் போனோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் பகையாக இருந்த காலத்திலேயே போனில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். நான் ஜன்னலுக்கு வெளியே, நடுவில் வரும் குரோம்பேட்டையைப் பார்த்துக்கொண்டே போனேன்.