காங்கிரீட் போடாமல் சாப்பிட்ட பிரியாணி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். விடியற்காலையிலிருந்து தண்ணி கேன் தூக்கிவிட்டு வந்தால் பேனா பிடிக்கக் கை வருமா? பத்தாவதையே தாண்டாதவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது. ஆனால் படுத்துக்கொண்டு மேலே தளத்தைப் பார்த்தால் அந்த நாள் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

போன வருஷம் மழைக்கு முன்னால், மாமல்லபுரத்தில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். மேஸ்திரியாக இருந்து காண்டிராக்டர் ஆனவர், நல்ல மனுஷன். சொந்தக்காரர் என்பதால் யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

அப்போது நான் கேன் போடுகிற படூர் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக் கூரை பெயர்ந்து கட்டில் மேலேயே விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. கம்பிக்குக் கீழே போதுமான காங்கிரீட் இல்லை, கடல் காற்று தின்றுவிட்டது என்றார் அந்த வீட்டுக்காரர். சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தளத்துக்குக் கட்டியிருந்த எங்கள் கம்பியும் அடியில் தாங்குகிற பலகையோடு ஒட்டித்தான் கிடந்தது.

"மச்சான், கம்பியெல்லாம் பலகை மேல படுத்துகினு தூங்குது. தலகாணி வெச்சி வுடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். இவனுக்கு எல்லாமே விளையாட்டு என்றார். குற்றம் சொல்ல முடியாது. காய்ச்சலில் நான் படுத்தால்கூட நடிப்பு என்று நினைக்கிற வீடு எங்களுடையது.

என் பேச்சு எடுபடாததால் வெளியாள் ஒருவரைத் தேடினேன். செங்கல்பட்டில் ஒரு இன்ஜினியர் அம்மா இருந்தார். யார் கட்டுகிற வீடானாலும் வந்து சோதித்து, உள்ளதைச் சொல்வார். அவருக்கு நேரம் ஒழிந்தது காங்கிரீட் போடுகிற அன்று காலைதான். வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று கலவை மெஷின் வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், வேலை நல்லபடி முடிய துஆ ஓதி முடித்து, தேக்சாவில் பிரியாணிக்கு அரிசி போட்டாயிற்று. அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். விஷயம் புரிந்ததும் மச்சான் முகம் மாறியது. ஆனாலும் டீ வாங்கி வந்து நீட்டினார்.

"வேணாங்க. குடிச்சிட்டா அப்புறம் என்னால பேச முடியாது" என்றார் அந்த அம்மா.

மேலே ஏறி, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். பல இடங்களில் நுழையவில்லை. இன்றைக்குப் போடாதீர்கள், கம்பியைத் தூக்கி அடியில் சிமென்ட் கட்டை வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மச்சான் மெஷினை நிறுத்தச் சொன்னார். அக்கா என்னிடம் வந்தாள். "சிரிச்சிகினே ஆப்பு வெச்சிட்டியேடா" என்றாள். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. வந்த ஆட்கள் வேலை செய்யாமலே பிரியாணி சாப்பிட்டார்கள். அவ்வளவு அமைதியாக யாரும் பிரியாணி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. அப்படியே மூடி வைத்தேன்.

மத்தியானம் மச்சான் என் கேன் வண்டியில் வந்து ஏறினார். கட்டை வாங்கக் கேளம்பாக்கம் போகணும் என்றார். அக்காவின் வாழ்க்கையில் மண் போட்டுவிட்டேனோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன். கோவளத்தில் திரும்பி இரண்டு பக்கமும் உப்பளம் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நீ அன்னிக்கே சொன்னே இல்ல?"

"சொன்னேன் மச்சான்."

"சிரிச்சிகினு சொன்னியேடா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டை வைத்து, அந்த அம்மா மறுபடி வந்து விரல் விட்டுப் பார்த்த பிறகு தளம் போட்டோம். இந்தத் தடவை பிரியாணி கிடையாது, டீயும் பன்னும்தான். மச்சான் தயங்கித் தயங்கி நீட்டினார். அந்த அம்மா வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். அக்கா என்னோடு பேச ரம்ஜான் வரை ஆனது.

பயந்து சொல்கிற விஷயத்தையாவது சிரிக்காமல் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து முயற்சி செய்கிறேன். முகம்தான் இன்னும் பழகவில்லை.

எழுதியதைச் சிநேகிதனுக்குப் படித்துக் காட்டினேன்.

"காமெடி நல்லா கீது மாமே, நெஜமா இன்னா ஆச்சு?" என்றான்.