ஒரு டிஸ்க்குக்கு ஓய்வு

அம்மாவின் தொண்டைக் கட்டியை எடுத்தால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அழுது முடித்த கையோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு மைக்கும், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும், இரண்டு டிஸ்க்கையும் மிரரிங்கில் இணைக்கும் கார்டும் வாங்கி வந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள் துக்கத்தைக்கூட அப்படித்தான் கொண்டாடுவாள் போலிருக்கிறது.

மிரரிங் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்துப்போனாலும் மற்றதில் அம்மா பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு அது போதும்.

நான் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். அதனால் அம்மாவின் குரலைப் பதிவு செய்யும் வேலை அப்பாவுடையது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொண்டவர். மைன் மூடியபிறகு அவருடைய கைகள் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தன. எதை அழுத்த வேண்டும் என்று ஒரு தடவைதான் காட்டினேன், கப்பென்று பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவை விட்டுக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. குரல் நேரிலேயே இருக்கும்போது பெட்டியில் எதற்குக் கேட்க வேண்டும்?

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டு. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்று ஒரு ஞாயிறு காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். துவக்கத்திலேயே சிவப்பில் ஒரு வரி வந்தது: மிரர் உடைந்திருக்கிறது. பரவாயில்லை, இன்னொன்று இருக்கிறதே என்று உள்ளே போனால் பதிவுகளில் பாதியைக் காணோம்.

முதலில் தூசியைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ஊரில் சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சைனைடு மேட்டுத் தூசி காற்றடித்தால் சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து உட்காரும், கம்ப்யூட்டர் எம்மாத்திரம். ஆபீஸ் சிநேகிதியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "ரீபில்ட் கொடு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குக் காப்பி ஆயிடும்" என்றாள். அதைத்தான் திரையும் கேட்டுக்கொண்டிருந்தது. விரல் பட்டனுக்குப் போய்விட்டது. எதற்கும் கேபிளைப் பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

ஒரு டிஸ்க்கின் பவர் ஒயர் பிடுங்கப்பட்டு, ஆடாமல் அசையாமல் கறுப்பு டேப்பால் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எந்தத் தூசியும் டேப் ஒட்டாது.

"அப்பா, இத யாரு கழட்டினது?"

"நாந்தான். இந்த வாரம் அதுக்கு ரெஸ்ட்டு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "ஒவ்வொரு வாரமும் மாத்திடுவேன். ரெண்டு பம்பையும் யாராச்சும் ஒண்ணா ஓட்டுவாங்களா? ஒண்ணு ஓடணும், ஒண்ணு தூங்கணும்."

"சிவப்புல எழுத்து வந்துச்சே?"

"வந்துச்சு. என்ட்டர் தட்டுனா பூடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மிரரிங் என்றால் என்ன என்று அடித்தொண்டையில் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையிலிருந்த டேப் சுருளையே பார்த்தபடி சொன்னார்: "உங்கம்மா கொரலு உள்ள கீது. ரெண்டும் ஒண்ணா ஓடி, ஒண்ணா தேஞ்சி, ஒரே நாள்ல நின்னுட்டா நான் இன்னாமா பண்ணுவேன்?"

அதற்கு மேல் கத்த என்னால் முடியவில்லை. அவரும் என்னைப் போலவே பயந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. வாரம் ஒரு டிஸ்க் என்றால், ஒரு வாரத்து அம்மா இதில், அடுத்த வாரத்து அம்மா அதில். ஒயரை மட்டும் மாட்டிவிட்டு அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் பாதி அம்மாவின் மேல் மீதி அம்மாவை எழுதி அழித்திருப்பேன்.

ஆண்டர்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவரிடம் மூன்றாவதாக ஒரு டிஸ்க் இரவல் வாங்கினேன். பழையதில் ஒன்றை மாட்டி, இருப்பதை இதில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி, அடுத்ததை மாட்டி எடுத்தேன். ஒன்றும் போகவில்லை. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கைக்கு வந்த ஒன்றைச் சத்தமாக வைத்தேன்.

"ஏங்க, எவ்ளோ நேரமா கூப்புடுறேன், கொழாய்ல தண்ணி வந்துடுச்சி, கொடத்த எடுத்துகினு வாங்க."

"தோ வரேன், வரேன்" என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது. அப்பா இடுப்பில் குடத்தோடு அவசரமாக வந்து வாசற்படியில் நின்றார். அம்மாவைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். அம்மா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர்.

அப்பா குடத்தைக் கீழே வைக்காமல் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னொரு தபா போடும்மா" என்றார்.