மாடியில் இருக்கும் மனநல மருத்துவர்

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மனநல மருத்துவரை மாடியில் உட்கார வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? எனக்குத் தெரியவில்லை.

விபத்துக்குப் பிறகு என் தோழி சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். மாதக்கணக்காகத் தூக்கமில்லை. "யார்கிட்டயாவது பேசணும்க்கா" என்று அவளே கேட்டதால், இன்று ஓரிக்கையிலிருந்து ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

அதே கட்டடத்தில் எலும்பு மருத்துவர் தரைத்தளத்தில்தான் இருக்கிறார். நடக்க முடியாதவர்களுக்கு எலும்பு மட்டும்தான் உண்டு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

டாக்டர் கீழே வருவாரா என்று மாடிக்குப் போய்க் கேட்டேன். அவருடைய உதவியாளர் பெண் என்னோடு இறங்கி வந்தார். "டாக்டர் கீழ வர மாட்டாரும்மா. இன்னா பிரச்சனைன்னு என்கிட்ட சொல்லுங்க, நான் போய்ச் சொல்றேன்."

தோழி பக்கத்து மருந்துக் கடைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். அந்தப் பெண் மேலே போய்விட்டு, திரும்பும்போது பாதிப் படியிலிருந்தே கத்தினார்: "யம்மா, சாவணும்னு தோணுதான்னு டாக்டர் கேக்கறாரு!"

மருந்துக் கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப தோணுது" என்றாள் தோழி. "வாக்கா, போவலாம்."

காஞ்சிபுரத்தில் தரைத்தளத்தில் இருக்கும் மனநல மருத்துவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம்.

மறுநாள் சேர்த்தது: அறிவுரைதான் நிறைய வந்தது. சிலர் அவளை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போக முன்வந்தார்கள். அதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"நான் இன்னா வரதர் சாமியாக்கா, தோள்ல தூக்கிக்கினு போவ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முகவரி ஒன்றும் இதுவரை வரவில்லை.