நான் எழுதாமல் விட்ட வரி

அந்த ஒரு வரியை நான் விட்டது அண்ணனைக் காப்பாற்றவா, அப்பாவுக்குப் பயந்தா? பத்து வருஷமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் பென்சிலால் எழுதித் தந்த காகிதம் என் தகரப் பெட்டியில், மகளின் சட்டைகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

அண்ணன் அப்போது தல்லாகுளத்தில் ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். நம் மாகாணத்து இளைஞர் ஒருவர் சீமையில் செய்த கணக்கைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தானும் போட்டுப் பார்த்தார். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் ஓர் அளவுக்குமேல் கனமாயிருந்தால், அது சுருங்குவது நிற்கவே நிற்காது. லண்டன் சபையில் பெரிய வானியல் அறிஞர் ஒருவர் எழுந்து, அப்படியானால் ஒளிகூட வெளியேற முடியாமல் போகுமே, இயற்கை அதற்கு இடம் கொடுக்காது என்று அந்த இளைஞரைக் கேலி செய்தாராம். சபை சிரித்ததாம். அண்ணன் இதை வகுப்பில் சொல்லி, "கணக்குச் சரி, சிரிச்சவங்கதான் தப்பு" என்றார்.

அன்று பார்த்துப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். "லண்டன் பெரியவருக்குத் தெரியாதது தல்லாகுளத்து வாத்தியாருக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?" பிள்ளைகளும் சிரித்தார்கள். கரும்பலகையில் இருந்த கணக்கை அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிக்காமலே சிரிக்க எங்கிருந்து வருகிறது அந்தத் துணிச்சல்? மன்னிப்புக் கடிதம் வேறு கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் மனுவோ கடிதமோ என் கையெழுத்தில்தான் போகும். மற்றவர்கள் படிக்காமலே ஒப்பமிடுவார்கள். அண்ணன் தந்த காகிதத்தில் வருந்துவதாக எழுதி, கடைசியில் "கணக்கில் பிழை இல்லை" என்று முடித்திருந்தார்.

அப்பா கத்தினார்: "அம்புட்டுத் தூரத்துல கெடக்குற நட்சத்திரத்துக்காடா வேலைய விடப்போற?"

"மன்னிப்புக் கேக்குறேன்ப்பா. ஆனா அந்த வரி இருக்கணும்" என்றார் அண்ணன். தலையாட்டிய நான், அதை எழுதவில்லை. அவர் சைக்கிள் சீட்டில் வைத்து ஒப்பமிட்டுப் போய்விட்டார்.

வேலை தங்கியது. போன மாதம் ஒரு பத்திரிகையில் அந்த இளைஞரின் கணக்கே சரியென்று எழுதியிருந்தார்கள். சிரித்தவர்கள் வருந்தி யாருக்காவது கடிதம் எழுதினார்களா? அவர்கள்மேல் கொதிக்கிறேன், ஆனால் அண்ணனின் வாயை அடைத்தது என் பேனா.

நேற்று அண்ணன் அந்தப் பத்திரிகையோடு வந்தார். "அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன்ல தங்கச்சி! லீவு முடியட்டும், ஸ்கூல்ல அந்தக் கடுதாசியக் கேட்டு வாங்கி ஓம் மகளுக்குப் படிச்சுக் காட்டுறேன்." மகள் கைதட்டினாள்.

பள்ளி திறப்பதற்குள் பெட்டியிலிருக்கும் காகிதத்தைக் கொடுத்து அவரிடம் உண்மையைச் சொல்லிவிடவா? இல்லை, இத்தனை வருஷம் அவரைத் தாங்கிய நினைப்பு அதுவரையாவது இருக்கட்டுமா? படிக்கும் நீங்கள் யோசித்து எழுதுங்கள்.