அறிக்கையின் மூன்றாம் பக்கம்

குற்றவியல் படித்தேன் என்றால் எங்கள் லிங்கநகரில் ஒருவருக்கும் விளங்காது. "அப்ப பொலிசில சேரப்போறீங்களோ?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப லோயரோ?" அதுவும் இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுக் கை ஓய்ந்த பிறகுதான், துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதைத் தாண்டினால்தான் நிரந்தரம். அந்த மாதங்களில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாவது மாதம் களஞ்சியத்தில் செப்புக் கம்பிச் சுருள்கள் சில காணாமல் போயின. முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கள்தானே இதுக்கெண்டு படிச்சனீங்கள்? ஒரு அறிக்கை தாங்கோ."

இதற்காகவே பிறந்தவள் போல் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆறு பக்கம் எழுதினேன். பூட்டைப் பார்த்தேனா? வாசல் கேற் புத்தகத்தில் லொறி இலக்கங்களைச் சரிபார்த்தேனா? இல்லை. கம்பஸில் படித்த காலத்தில் யாரும் ஒரு பூட்டைக் கையில் தந்து பார்க்கச் சொன்னதில்லை. பரீட்சைக்கு எழுதியதையே எழுதினேன். நீண்ட நேரம் தனியே கடமை செய்யும் காவலாளிகள் களவுக்குத் துணைபோகக்கூடும் என்று மூன்றாம் பக்கத்தில் பொதுவாக ஒரு வரி. பரீட்சையில் அந்த வரிக்கு எப்போதும் புள்ளி கிடைக்கும்.

எங்கள் கேற்றில் தனியே நின்றவர் ஒருவர்தான், கிண்ணியாவிலிருந்து வரும் காவலாளி. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் அவரை நானா என்போம்.

"நல்ல வேலை. ஆளைப் பிடிச்சிட்டீங்கள்" என்றார் முகாமையாளர், மூன்றாம் பக்கத்து வரியில் விரலை வைத்து. அது பொதுவான கதை, நானாவைச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "உங்கட நிரந்தரக் கடிதத்தையும் அடிக்கச் சொல்லியிருக்கிறன்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நானா எடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை நானாவின் பணிநீக்கக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. கதிரையை விட்டு எழும்பி வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் வராது. என்னிடமே திருப்பி நீட்டினார்.

"வாசிங்க தங்கச்சி. என்ன போட்டிருக்காங்க?"

என் வரியைத்தான் காரணமாகப் போட்டிருந்தார்கள். அதைத் தமிழில் சொன்னேன்.

"நான் களவுக்குத் துணை போனத ஆரு கண்டது?"

"கந்தோரில பெரியாக்கள் எடுத்த முடிவு, நானா."

"நீங்க படிச்ச புள்ளதானே. நான் எடுக்கல்லண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. உங்கட எழுத்தெண்டா கேப்பாங்க."

"ஓம்" என்றேன். அன்று பின்னேரமே என் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். நானா கேட்ட கடிதத்தை இன்னும் எழுதவில்லை.