தலைப்பிரசவமும் பல் டாக்டர் சீட்டும்

அக்காவைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். சின்ன வயதில் நாங்கள் இருவரும் சண்டை போடாத நாளே கிடையாது. என்னைவிட இரண்டே வயது மூத்தவள். அதிகாரம் மட்டும் இருபது வயது மூத்தவளுடையது. ஆனாலும் பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்த கதையை யாராவது கேட்டால் நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன். அவளைச் சொல்லவிட்டால் பாதியை முழுங்கிவிடுவாள்.

அறுபதுகளின் முற்பகுதி. தாராவியில் எங்களுக்கு ஒரே ஓர் அறைதான் வீடு. பம்பாய்ப் பேச்சில் அதற்குக் 'கோலி' என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்குக் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அக்கா பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழிலேயே படித்து, நல்ல மார்க் வாங்கி, மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ஃபர்ஸ்ட் இயர் சயின்ஸ் சேர்ந்தாள். எங்கள் சந்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். சேர்ந்த அன்று அம்மா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். வருஷக் கடைசியில் ரிசல்ட் வந்தபோது, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. வெறும் பாஸ் கிளாஸ். ஃபிசிக்ஸில் தப்பியதே பெரிய காரியம்.

"குட் மார்னிங் வரைக்கும் புரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணும் புரியல" என்றாள். அழவில்லை. எனக்கோ அவள் கொஞ்சம் அழுதால் பரவாயில்லை என்றிருந்தது. கொஞ்சநாளாவது என்னை அதிகாரம் பண்ணாமல் இருப்பாளே!

அப்பா கோபப்படவில்லை. "போதும்மா. மாட்டுங்காவுல டைப்பிங் கிளாஸ் இருக்கு. படிச்சா ஃபோர்ட்டுல நல்ல ஆபீஸ்ல வேலை கெடைக்கும்" என்றார். அதில் தப்பொன்றும் இல்லை. மாட்டுங்காவில் பாதிக் குடும்பம் டைப் அடித்தே முன்னுக்கு வந்தது. அக்காவுக்கோ டாக்டராக வேண்டும் என்று ஆசை.

"ஃபெயிலானாத்தான நிறுத்தணும்? நான் பாஸ் பண்ணிட்டேம்லா?" என்றாள். "இன்டர் எழுதுதேன். அதுலயும் இப்பிடி வந்தா நானே டைப்பிங் கிளாசுக்குப் போயிருதேன்."

அந்தக் காலத்தில் இரண்டாம் வருஷமான இன்டர் சயின்ஸின் மார்க்கை வைத்துத்தான் டாக்டர் படிப்புக்கோ பல் டாக்டர் படிப்புக்கோ எடுப்பார்கள். ஆக, அவளுக்கு இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

அவள் படித்த விதம் இருக்கிறதே, அதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. விடிகாலையில் பொதுக் குழாயில் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா முந்தின நாள் பாடத்தை டிக்‌ஷனரியும் கையுமாகப் பிரித்து மேய்ந்து வைத்திருப்பாள். குழாயடியில் அதை எங்கள் தமிழில் அந்தப் பெண்களுக்குச் சொல்வாள். அவர்களுக்குப் புரிந்தால்தான் தனக்குப் புரிந்த மாதிரி என்று கணக்கு. அப்புறம் அதையே இங்கிலீஷில் எனக்கு ஒப்பிப்பாள். எனக்குப் புரிந்ததா என்று கேட்கமாட்டாள்.

ஒருநாள் தவளையின் இருதயம். "அதுக்குள்ள மூணு ரூம் இருக்கு" என்றாள் அக்கா.

"மூணு கோலியா!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "நாங்க எட்டுப் பேரு ஒத்தக் கோலியில கெடக்கோம். தவளைக்கு வந்த வாழ்வப் பாருங்கட்டி!"

குழாயடியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. எந்த ரூமுக்கு எந்த ரத்தம் வருகிறது, எது எதோடு கலக்கிறது என்று அந்த எதிர்வீட்டுக்காரி திருப்பிச் சொல்லும்வரை உயிரை வாங்கினாள். "ஏட்டி, தவளைய விடு, கொடத்த நகத்து" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். நான்தான் நகர்த்துவேன். வருஷம் பூராவும் இரண்டு பேர் குடத்தையும் நான்தான் நகர்த்தினேன். அதற்காக அவளைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால், பாஸ் கிளாஸ் வாங்கியவள் என்று தெரிந்த அதே பெண்கள் நடுவில் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து, 'எனக்கும் இது சரியா வெளங்கல, நாளைக்குச் சொல்லுதேன்' என்று சொல்ல என்னால் ஒருக்காலும் முடிந்திருக்காது.

இன்டரில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தது. டாக்டர் சீட்டுக்குக் கொஞ்சம் எட்டவில்லை. பல் மருத்துவத்துக்கு இன்டர்வியூ வந்தது. "பல்லு புடுங்கதுக்கு ஒரு படிப்பா?" என்று சந்தில் கேட்டார்கள். "ஒங்களுக்குப் பல்லு வலிக்கும்போது தெரியும்" என்றாள். மனசு அதற்குள் அதில் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சிக்கல் கிளம்பியது. மகாராஷ்டிரம் தனி மாநிலமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் சீட் என்று பேச்சு. அக்காவோ எங்கள் ஊரில் பிறந்தவள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தானே போவாள்? அம்மாவும் போனாள். மூன்று மாதக் குழந்தையோடு ரயிலேறித் தாராவிக்கு வந்தவள், அப்புறம் என்னை இங்கேயே சயான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பெற்றாள். ஒரே வீட்டில் நான் உள்ளூர்க்காரி, அவள் வெளியூர்க்காரி. வேறு சமயமாக இருந்தால் இதை வைத்தே அவளை ஓட்டித் தள்ளியிருப்பேன். அப்போது வாய் வரவில்லை.

அம்மா அழுதாள். "நான் இங்ஙனயே பெத்திருந்தா எம்புள்ளைக்கு இந்தக் கதி உண்டா? நானே கெடுத்துட்டேனே" என்று சோறு வடிக்கும்போதும் அழுகை, துணி துவைக்கும்போதும் அழுகை. பம்பாயில் பிறந்ததாகவே ஒரு சர்டிபிகேட் ஏற்பாடு செய்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் வந்தார். அப்பா தயங்கினார். அக்கா மட்டும் முடியாது என்றுவிட்டாள்.

"அம்ம என்ன குத்தமா பண்ணுனா, மறைக்கதுக்கு?"

இன்டர்வியூ அன்று அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் கூடப் போனோம். சயானில் ரயிலேறி இறங்கும்வரை அம்மா முருகனை விடவில்லை. கல்லூரியில் அறைக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள். வாசலுக்குப் பாதிக் கதவுதான். உள்ளே பேசுவதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

முதலில் ஒரு ஆண் குரல், இங்கிலீஷில். முதல் வருஷம் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்டார். "பாடம் புரியவில்லை சார். புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு வாங்கிய மார்க் அடுத்த தாளில் இருக்கிறது" என்றாள். உடம்பு சரியில்லை என்றோ, வீட்டில் கஷ்டம் என்றோ அவள் சொல்லவே இல்லை.

பிறகு காகிதம் புரளும் சத்தம். "நீ மெட்ராஸ் ஸ்டேட்டில் பிறந்தவள். அங்கே போய் ஏன் கேட்கக்கூடாது?"

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'மெட்ராஸ்' என்ற வார்த்தை காதில் விழுந்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். போச்சு என்றே நினைத்தேன்.

அக்கா மராத்தியில் பேச ஆரம்பித்தாள். தாராவி மராத்தி, மீன்காரப் பெண்களிடம் பேரம் பேசிப் படிந்தது. 'மாஹேர்' என்றால் தாய்வீடு. "உங்கள் வீட்டுப் பெண்கள் முதல் பிரசவத்துக்கு மாஹேருக்குத்தானே போகிறார்கள்? என் அம்மாவும் மாஹேருக்குத்தான் போனாள். மூன்று மாதத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வீடு தாராவியில் இருக்கிறது. ஒண்ணாங்கிளாசிலிருந்து நான் படித்ததெல்லாம் இந்த ஊரில்தான். காகிதம் இருக்கிறது, பாருங்கள்."

ஒரு பெண் குரல் சிரித்தது. உள்ளே வயதான டாக்டரம்மா ஒருவர் இருந்திருக்கிறார். "என் மகள் இப்போது பிரசவத்துக்கு என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு இந்தூரில் வேலை" என்றார் மராத்தியில். "நாளைக்கு என் பேரன் இந்தூரில் போய் நின்றால், நீ பம்பாய்க்காரன், போ என்பார்களா?"

அதன்பின் அந்த ஆண் குரல் பள்ளிக்கூடத்துக் காகிதங்களைக் கேட்டு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவைப் பார்த்தார். "பெண்ணுக்கு இடம் கொடுத்தாயிற்று. தைரியமாக அனுப்பு" என்றார். அம்மா எழுந்து கும்பிட்டாள்.

அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன்.

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எட்டி, நீ சொன்னத அவங்க கேக்காமப் போயிருந்தா என்ன செய்திருப்ப? சீட்டு போயிருக்குமே."

அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "போனாப் போகட்டும்மா. அதுக்காவ, நீ ஒங்கம்ம வீட்டுக்குப் போனது தப்புன்னு நான் ஒத்துக்கிடவா?"