கீழ் வீட்டுக்குக் கேட்ட தண்ணீர்ச் சத்தம்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கத்திரி வெயில் காலம். மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு என்னுடையது. கணவர் போய் நெடுநாள் ஆகிவிட்டது. ஒரே மகள் வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனபோது, தன் அறையிலிருந்த மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். "உனக்கும் ஒரு துணையா இருக்கும்லம்மா" என்றாள். துணையாம் துணை! நாள் முழுக்கக் கல்லுக்கடியில் ஒளிந்துகொண்டு, என் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காத துணை.

அந்த மீனுக்கு லோச் என்று பெயராம். நான் மதுரைப் பக்கத்துக்காரி. நீள உடம்பையும் குட்டி மீசையையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம்ம அயிரையின் ஜாதிதான். மேலே நாலு வரி கூடுதல், அவ்வளவுதான். "அயிரையைக் காசு குடுத்து வாங்கிக் குழம்பு வைக்காம வேடிக்கை பாக்குறது ஊர்லயே நீ ஒருத்திதான்டி" என்று சொன்னதற்கு அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோ காலில் வருவாள். வந்ததும் "மீனைக் காட்டும்மா" என்பாள். நான் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் மீனைப் பார்ப்பாள், நான் போனின் முதுகைப் பார்ப்பேன். கை வலிக்க ஆரம்பிக்கும்போது அவளுக்கு வேறு வேலை வந்துவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பதறிப்போனாள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவாம், வெக்கை தாங்கவில்லையாம். "அது மலை ஓடையில வாழுற மீன்மா. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். இன்னொரு மோட்டார் வாங்கி வை, ப்ளீஸ்" என்றாள். அடையாறில் ஒரு கடைக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். தண்ணீரைத் தள்ளிவிடும் சின்ன மோட்டார் ஒன்றைக் கொடுத்தார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணாடியில் ஒட்ட வேண்டும், மேல் தண்ணீர் புரண்டால்தான் காற்று கலக்கும் என்றார்கள். கூடவே தொட்டியின் மேல் ஒரு சின்ன மின்விசிறி. காற்று பட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், தினமும் காலையில் வற்றிய அளவுக்கு ஊற்றிவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

சுவிட்சைப் போட்டேன். அம்மாடி! அதுவரை கண்ணிலேயே படாத அத்தனை மீனும் வெளியே வந்துவிட்டன. ஓட்டத்துக்கு எதிராக முட்டி முட்டி ஏறுவதும், மேலே போனதும் உடம்பைத் தளரவிட்டுச் சறுக்கிக்கொண்டு வருவதும், மறுபடி ஏறுவதும்! பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஒரே ஆட்டம். நான் கையைத் தட்டிச் சிரித்து, "இங்க பாரேன்!" என்று திரும்பினேன். கூடத்தில் யாரும் இல்லை. டிவிகூட அணைந்துதான் இருந்தது. தட்டிய கையை இறக்கிவிட்டு, போய் டிவியைப் போட்டு வைத்தேன்.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. அந்தக் கோடையில் எங்கள் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர்தான். யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் பஞ்சாயத்து. என் வீட்டிலோ இடைவிடாமல் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம்! சங்கத்துச் செயலாளர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார். குளியலறை, அடுப்படி, ஒரு குழாய் விடாமல் திருகிப் பார்த்தார்கள். கடைசியில் தொட்டியைக் காட்டினேன். எல்லோருக்கும் காபி போட்டேன். மாதக்கணக்கில் யாரும் மிதிக்காத வீடு அது. திட்ட வந்தவர்கள்தான், ஆனாலும் கூடத்தில் நாற்காலி போதவில்லை என்பதே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள், நேர் கீழ் வீட்டுக்காரியைத் தவிர. அவள் மீன் வியாபாரம் செய்கிறவள். விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து, மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதியம்தான் வீடு திரும்புவாள். பிற்பகல் தூக்கம்தான் அவளுக்குத் தூக்கம்.

"இன்னாக்கா நீ, மீன கொழம்பு வெச்சி துன்னாம மோட்டாரு போட்டு ஊஞ்சலாட்டிக்கினு கீற? நான் தூங்க வாணாமா?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

நானும் விடவில்லை. "நீ விக்கிற மீனுக்கு மோட்டார் வேணாம்மா, ஐஸ் போதும். இது உயிரோட இருக்கே!"

செயலாளர் நடுவில் புகுந்தார். நான் ஊரில் இல்லாத நேரம் தொட்டி ஒழுகினால் அவள் வீட்டுக் கூரைதான் நனையும், அதனால் மாற்றுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கட்டும் என்றார். எனக்கு எரிச்சல்தான். வேண்டாவெறுப்பாகக் கொடுத்தேன். அதோடு அவரவர் கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் யாரும் மேலே வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, தொட்டிக்கு ஊற்றுவதற்காகக் குளியலறையில் வாளியைத் தூக்கினேன். கால் வழுக்கியது. இடுப்பில் மளுக்கென்றது. அவ்வளவுதான், எழுந்திருக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. கத்தினேன். தெருச் சத்தத்திலும் அந்த மோட்டார் சத்தத்திலும் என் குரல் எங்கே எடுபடும்? ஞாயிற்றுக்கிழமை நேற்றுதான் முடிந்திருந்தது. மகள் மறுபடி கூப்பிட இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் என்னைத் தேட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இடுப்பு வலியைவிட அதுதான் பெரிதாக வலித்தது.

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குவளையால் அள்ளிக் குடித்துக்கொண்டே கிடந்தேன். அந்த நாள் போய், இரவும் போனது. விடிந்த பிறகு மோட்டார் சத்தம் மாறியது. தண்ணீர் வற்றி, அது காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் கொர்கொர் என்றது. பிறகு மாவு மில் மாதிரி கரகரவென்று ஒரே இரைச்சல். ஐயோ, மீன்கள் செத்துவிடுமே, மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அழுதேன். சாகக் கிடப்பது நான் என்பது அப்போது தோன்றவே இல்லை.

பிற்பகல். மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். அடுத்து விடாமல் மணி.

"யக்கோவ்! அந்த சனியன நிறுத்த மாட்டியா? மண்டைக்குள்ள ரம்பம் போட்டுக்கினு கீது! கதவத் தொற, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

வாழ்க்கையில் யார் திட்டியும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. குரல் எழும்பவில்லை. குவளையால் வாளியைத் தட்டினேன். மணிச் சத்தம் நின்றது. கதவில் தொங்கிய பையில் பால் பாக்கெட் புளித்து உப்பிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தாளாம். பூட்டில் சாவி திரும்பியது.

குளியலறை வாசலில் வந்து நின்றவள், "அய்யோ, யக்கா!" என்றாள். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மீன் வாடை அடிக்கும் அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்து நான் அழுத அழுகை, என் கணவர் போனபோதுகூட அழுததில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். மகள் பறந்து வந்தாள், இருந்தாள், லீவு முடிந்து திரும்பிப் போனாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் கீழ் வீட்டுக்காரிதான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அதுவும் விலைக்கு வாங்கும் குடிதண்ணீர் கேனிலிருந்து! "அதுங்க கத்திதான என்னிய எழுப்பி வுட்டுச்சிங்க" என்றாள். கத்தியது மீன் இல்லை, மோட்டார் என்று நான் திருத்தவில்லை.

இப்போது தடி ஊன்றி நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள், பிறகுதான் மீன். மற்ற நாட்களில் வீடு பழையபடிதான், பேச ஆளில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். மோட்டாரை ஒரு விரற்கடை மேலே ஏற்றி ஒட்டியிருக்கிறேன். காலையில் தண்ணீர் ஊற்றுவதில்லை. அவள் மார்க்கெட்டிலிருந்து வரும் நேரத்துக்குச் சரியாக அது லேசாகக் கொர்கொர் என்னும். கீழே ஜன்னல் திறக்கும்.

"யக்கா, கீறியா?"

"இருக்கேன்மா!"

அதற்கு அப்புறம்தான் மெல்ல எழுந்து போய்த் தொட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவேன். மீன்களுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு, நான் இருக்கிறேனா என்று நாளுக்கு ஒரு தடவை யாராவது கேட்டால் போதும்.